சுகர், தூக்கம், ஞாபக மறதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்க்கரை நோய் உள்ளவர்களோடும் அவர்கள் வீட்டாரோடும் பேச உட்கார்ந்தால், சாப்பாடு, மாத்திரை எல்லாம் பேசி முடித்துவிட்டு கடைசியில் பேச்சு ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது: இப்போதெல்லாம் எதுவும் ஞாபகத்தில் நிற்கமாட்டேன் என்கிறது, ராத்திரி தூக்கமும் சரியில்லை, எல்லாம் சுகராலா? இதே சந்தேகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டதால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. மருந்தை நிறுத்துவது, அளவை மாற்றுவது எல்லாம் உங்கள் மருத்துவரிடம் பேசிவிட்டுத்தான்.

சுகர் என்றால் கண், கிட்னி, கால் இதெல்லாம்தானே? மூளைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

கண்ணையும் கிட்னியையும் கெடுப்பது எதுவோ அதேதான் மூளையையும் கெடுக்கிறது. வருடக்கணக்கில் ரத்தத்தில் சர்க்கரை அதிகமாக ஓடினால் மெல்லிய ரத்தக் குழாய்கள் பழுதாகின்றன. மூளையோ அந்த மெல்லிய குழாய்களை நம்பியே இருக்கும் உறுப்பு. உடல் எடையில் 2 சதவீதம்தான், ஆனால் உடல் செலவழிக்கும் சக்தியில் சுமார் 20 சதவீதம் அதற்குப் போகிறது, அதில் பெரும்பகுதி குளுக்கோஸ். வரத்து கொஞ்சம் முன்பின் ஆனாலும் முதலில் தடுமாறுவது மூளைதான்.

பெரும்பாலானவர்களுக்கு வரும் டைப் 2 வகை சுகர் உள்ளவர்களுக்கு டிமென்ஷியா, அதாவது அன்றாட வாழ்க்கையையே குலைக்கும் மறதி நோய், வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. அதிலும் ரத்தக் குழாய் பழுதால் வரும் வகைதான் இன்னும் கூடுதல். ஒன்றரை மடங்கு என்றதும் பயந்துவிட வேண்டாம், சுகர் உள்ள பெரும்பாலானவர்களுக்கு டிமென்ஷியா வருவதே இல்லை.

தூக்கம் கெட்டால் சுகர் ஏறுமா, இல்லை சுகர் ஏறினால் தூக்கம் கெடுமா?

கோழியா முட்டையா கதைதான், இரண்டும் உண்மை. 1999இல் சிகாகோவில் ஆரோக்கியமான இளைஞர்கள் 11 பேரை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே படுக்கவிட்டுப் பார்த்தார்கள். சர்க்கரையைக் கையாளும் திறன் அவர்களுக்கு நன்றாகவே குறைந்துபோனது. நேரம் மட்டுமல்ல, ஆழமும் முக்கியம். 2008இல் வந்த இன்னொரு ஆய்வில் தூங்கும் நேரத்தைக் குறைக்கவே இல்லை, ஆழ்ந்த தூக்கம் வரும்போதெல்லாம் லேசாகச் சத்தம் எழுப்பி அதை மட்டும் கலைத்தார்கள். மூன்றே இரவில் இன்சுலின் வேலை செய்யும் திறன் சுமார் கால்வாசி இறங்கிவிட்டது.

மறுபக்கம், சுகர் ஏறிக்கிடந்தால் சிறுநீருக்கு எழுவது, தாகம், பாதத்தில் எரிச்சல், காலைச் சும்மா வைத்திருக்க முடியாத அவஸ்தை என்று தூக்கத்தைக் கெடுக்க ஆயிரம் வழி. அதனால் எது முதலில் வந்தது என்று ஆராய்வதை விட்டுவிட்டு, எதைச் சுலபமாகச் சரிசெய்யலாமோ அதில் ஆரம்பியுங்கள்.

தூங்கும்போது மூளையும் ஓய்வுதானே எடுக்கிறது? அப்படி என்ன வேலை?

ஓய்வு உடம்புக்கு. மூளை பகலில் சேர்த்த விஷயங்களில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று ராத்திரியில்தான் பிரிக்கிறது, குறிப்பாக ஆழ்ந்த தூக்கத்தில். துண்டுதுண்டாகத் தூங்குகிறவர்களுக்கு நேற்று பேசியது இன்று நிற்காததற்கு இது ஒரு காரணம்.

இன்னொன்று, கழிவு வெளியேற்றம். 2013இல் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் எலிகளை வைத்து நடந்த ஆய்வில், தூங்கும்போது மூளை செல்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி சுமார் 60 சதவீதம் விரிவதாகவும், டிமென்ஷியாவில் ஒரு வகையான அல்சைமரோடு தொடர்புள்ள அமிலாய்டு என்ற புரதம் போன்ற கழிவுகள் அந்த வழியாக வேகமாக வெளியேறுவதாகவும் கண்டார்கள். உடனே, தூக்கம் மூளையைக் கழுவுகிறது என்று எல்லா இடத்திலும் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் 2024இல் வந்த மற்றொரு எலி ஆய்வு, தூக்கத்தில் இந்த வெளியேற்றம் குறைகிறது என்றே சொன்னது. விவாதம் இன்னும் முடியவில்லை. தூக்கம் கெட்டால் கவனமும் ஞாபகமும் கெடும் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லை.

எனக்கு அஞ்சு மணி நேரம் போதும், வருஷக்கணக்கில் பழகிவிட்டது. பரவாயில்லைதானே?

பழகிவிட்டது என்று தோன்றுவதுதான் இதில் உள்ள ஏமாற்று. 2003இல் நடந்த ஒரு ஆய்வில் இரண்டு வாரம் தினமும் ஆறு மணி நேரம் மட்டும் படுக்கவிடப்பட்டவர்களின் கவனம், ஓரிரு இரவு கண்ணே மூடாமல் இருந்தவர்கள் அளவுக்குச் சரிந்திருந்தது. ஆனால் தூக்கம் வருகிறதா என்று கேட்டால், பெரிதாக இல்லை என்றுதான் பதில் சொன்னார்கள். திறமை இறங்கிக்கொண்டே போகிறது, இறங்குவது அவர்களுக்கே தெரியவில்லை.

பிரிட்டனின் அரசு ஊழியர்கள் சுமார் 8,000 பேரை 25 ஆண்டுகள் பின்தொடர்ந்த வைட்ஹால் ஆய்வில், ஐம்பது, அறுபது வயதுகளில் ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களுக்கு, ஏழு மணி நேரம் தூங்கியவர்களைவிட டிமென்ஷியா வாய்ப்பு சுமார் 30 சதவீதம் அதிகமாக இருந்தது. இது தொடர்புதான், காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. டிமென்ஷியாவுக்கு நம்மால் மாற்றக்கூடிய காரணங்கள் என்று 2024இல் லான்செட் மருத்துவ இதழின் குழு வெளியிட்ட 14 காரணங்கள் கொண்ட பட்டியலில் சர்க்கரை நோய் இருக்கிறது, தூக்கம் இல்லை. ஆனால் தூக்கக் குறைவு சுகரையும் பிரஷரையும் எடையையும் ஏற்றிவிடும், அந்த மூன்றுமே பட்டியலில் இருக்கின்றன.

அப்போ ஒன்பது, பத்து மணி நேரம் தூங்கினால் இன்னும் நல்லதா?

இல்லை. பெரியவர்களுக்கு ஏழிலிருந்து எட்டு மணி நேரம் போதும். அதற்கு மேல் தூங்குவதால் மூளை கெட்டுவிடாது, ஆனால் வழக்கமாக ஏழு மணி நேரம் தூங்கிய ஒரு அறுபது வயதுக்காரர் திடீரென்று ஒன்பது, பத்து மணி நேரம் படுக்கையிலேயே கிடந்தால் அது ஏதோ ஒன்றின் அறிகுறியாக இருக்கலாம். மனச்சோர்வு, தைராய்டு, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் மூச்சுத்தடை, சில நேரம் டிமென்ஷியாவின் முதல் படி. நீண்ட தூக்கத்துக்கும் மறதி நோய்க்கும் ஆய்வுகளில் தெரியும் தொடர்பில் பெரும்பகுதி இப்படித் தலைகீழானது என்றே நினைக்கிறேன்.

பெயர் மறக்கிறது, எதற்கு இந்த அறைக்கு வந்தோம் என்பதே மறக்கிறது. இது ஆரம்பமா?

பெரும்பாலும் இல்லை. பெயர் நாக்கு நுனியில் நின்று கொஞ்ச நேரம் கழித்து வந்தால், அது வயதும் தூக்கமின்மையும் சேர்ந்து செய்வது. சுகரால் வரும் மாற்றமும் தொடக்கத்தில் மறதியாகத் தெரிவதில்லை, வேகம் குறைவதாகத்தான் தெரியும். கணக்குப் போட முன்பைவிட நேரம் ஆகும், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் பிடிபடாது, ஒரு படிவத்தை நிரப்ப உட்கார்ந்தால் மூன்றாவது வரியில் கவனம் சிதறும்.

கவலைப்பட வேண்டியது வேறு மாதிரி இருக்கும். பழகிய வழியில் திசை தெரியாமல் நிற்பது, கேட்ட கேள்வியையே பத்து நிமிடத்தில் மறுபடி கேட்பது, இன்சுலின் போட்டோமா இல்லையா என்று அடிக்கடி குழம்புவது, அல்லது மறப்பவருக்குத் தான் மறப்பதே தெரியாமல் வீட்டாருக்கு மட்டும் தெரிவது. இதில் ஏதாவது இருந்தால் தள்ளிப்போடாமல் போய்ப் பாருங்கள். அங்கே எளிய ஞாபகச் சோதனையோடு வைட்டமின் பி12, தைராய்டு, மனச்சோர்வு மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், மூன்றும் திருத்தக்கூடியவை.

அவர் படுத்ததும் தூங்கிவிடுகிறார், குறட்டையில் வீடே அதிருகிறது. அப்புறம் ஏன் பகலெல்லாம் மந்தமாக இருக்கிறார்?

என்னிடம் வந்ததிலேயே இதுதான் முக்கியமான கேள்வி, ஆனால் யாரும் இதைக் கேள்வியாகக் கேட்பதில்லை, புகாராகத்தான் சொல்கிறார்கள். பலத்த குறட்டையை நல்ல தூக்கம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். குறட்டை சீராக ஏறி, சட்டென்று நிற்கும். மார்பு ஏறி இறங்கும், ஆனால் மூக்கில் காற்று இருக்காது. பத்து, இருபது வினாடி கழித்து ஒரு பெரிய உறுமலோடு மூச்சு திரும்பும், ஆள் புரண்டு படுப்பார், மறுபடி முதலிலிருந்து. காலையில் கேட்டால் நன்றாகத் தூங்கினேன் என்பார், எழுந்ததே அவருக்குத் தெரியாது.

இதுதான் தூக்க மூச்சுத்தடை. பத்து வினாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்பதும் வெகுவாகக் குறைவதும் ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை என்று எண்ணுகிறார்கள். 5இலிருந்து நோய்க் கணக்கு, 30ஐத் தாண்டினால் கடுமையானது. ஒவ்வொரு முறையும் ஆக்சிஜன் இறங்குகிறது, உடம்பு பதறிப்போய் அட்ரினலினைச் சுரக்கிறது, அதனால் சுகரும் பிரஷரும் ஏறுகின்றன, ஆழ்ந்த தூக்கம் துண்டாகிறது. டைப் 2 உள்ளவர்களைப் பரிசோதித்துப் பார்த்த பல ஆய்வுகளில் பாதிப் பேருக்கு மேல் இது இருந்திருக்கிறது, பெரும்பாலோருக்குத் தெரியாமலேயே. ஒல்லியானவர்களுக்கும் வரும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் வரும். பெண்களிடம் குறட்டையைவிடச் சோர்வும் தூக்கமின்மையுமே முன்னே நிற்பதால் இன்னும் எளிதாகத் தப்பிவிடுகிறது. போனில் குறட்டையைப் பதிவு செய்துகொண்டு போங்கள், மருத்துவருக்கு ஆயிரம் வார்த்தை மிச்சம். இப்போது வீட்டிலேயே ஒரு ராத்திரி கருவி மாட்டிப் பார்க்கும் பரிசோதனையும் உண்டு.

அதற்கு ராத்திரி முழுக்க முகத்தில் மாஸ்க் போட வேண்டுமாமே. போட்டால் போன ஞாபகம் திரும்புமா?

பகல் தூக்கமும் மந்தமும் குறையும், இதில் சந்தேகமே வேண்டாம். கவனம் கொஞ்சம் தேறும். ஞாபகசக்தி கண்கூடாகத் திரும்பும் என்று மட்டும் நம்பிப் போகாதீர்கள், அதை அளந்த ஆய்வுகளில் பலன் சிறிதாகவோ தெளிவில்லாமலோதான் இருக்கிறது. மூன்று மாதச் சராசரி சுகரிலும் அதே கதை. மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும், சிபேப் என்ற இந்த மெஷினை ராத்திரியில் இரண்டு மணி நேரம் போட்டுவிட்டுக் கழற்றி வைப்பதுதான் பலர் செய்வது, அப்படிப் போட்டால் பலன் எதிர்பார்க்க முடியாது. முதல் மாஸ்க் ஒத்துவரவில்லையென்றால் வேறு அளவு, வேறு வடிவம் கேளுங்கள்.

எடை குறைந்தால் மூச்சு நிற்கும் எண்ணிக்கையும் குறையும். டிர்செபடைடு என்ற ஊசி மருந்தை, உடல் பருமனோடு மூச்சுத்தடையும் மிதமாகவோ கடுமையாகவோ உள்ளவர்களுக்காக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 டிசம்பரில் அனுமதித்தது. அது யாருக்குப் பொருந்தும் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ராத்திரி மூணு நாலு தடவை சிறுநீருக்கு எழுந்திருக்கிறேன். தண்ணீர் குடிப்பதைக் குறைத்தால் சரியாகிவிடுமா?

முதலில் படுக்கப்போகும் முன் சுகரைப் பாருங்கள். சுமார் 180க்கு மேல் போனால் கிட்னியால் சர்க்கரையைப் பிடித்துவைக்க முடியாது, அது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு வெளியேறும். அந்த நிலையில் தண்ணீரைக் குறைத்தால் தாகமும் சுகரும்தான் ஏறும். சுகர் சரியாக இருந்தும் இப்படி என்றால் புராஸ்டேட், மாலையில் போடும் நீர் மாத்திரை, அப்புறம் மேலே சொன்ன மூச்சுத்தடை. ஆம், அதுவும்தான். மூச்சு அடைக்கும்போது இதயத்தில் ஏற்படும் அழுத்தம் உடம்பை அதிகச் சிறுநீர் பிரிக்கவைக்கிறது.

சில நாள் காலையில் தலைவலியோடு எழுகிறேன், தலையணை வியர்வையில் நனைந்திருக்கிறது, கெட்ட கனவு வேறு. ஏன்?

இன்சுலினோ, கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரைகளோ எடுப்பவராக இருந்தால் முதல் சந்தேகம் ராத்திரியில் சுகர் இறங்குவது. 70க்குக் கீழே போனால் லோ, 54க்குக் கீழே போனால் ஆபத்தான லோ. விழித்திருக்கும்போது படபடப்பு வந்து எச்சரிக்கும், தூக்கத்தில் அந்த எச்சரிக்கை மங்கிவிடும். மறுநாள் முழுக்கத் தலை கனமாக, யோசனை ஓடாமல் இருப்பதைத்தான் பலர் மறதி என்று சொல்கிறார்கள்.

இரண்டு மூன்று நாள் அதிகாலை மூன்று மணிக்கு அலாரம் வைத்துப் பாருங்கள், அல்லது சுகரைத் தொடர்ந்து அளக்கும் சென்சாரைச் சில நாள் மாட்டிப் பாருங்கள். சென்சாரில் ஒரு விஷயம்: அது இருக்கும் கையின் மேலேயே அழுத்திப் படுத்தால் இல்லாத லோவைக் காட்டும், விரலில் குத்திச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். லோ உறுதியானால் அதிகமாகச் சாப்பிட்டுப் படுப்பது தீர்வல்ல, மருந்தின் அளவையும் நேரத்தையும் மருத்துவர் மாற்ற வேண்டும். மூச்சுத்தடையிலும் காலைத் தலைவலி வரும் என்பதால் ஊகிக்க வேண்டாம், அளந்து பாருங்கள்.

அப்படியானால் சுகரை எவ்வளவு குறைக்கிறோமோ மூளைக்கு அவ்வளவு நல்லது என்பது தப்பா?

தப்பு. இதை நேராகவே சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த அக்கார்டு என்ற பெரிய ஆய்வில் ஒரு பிரிவினருக்கு மூன்று மாதச் சராசரியை 6க்குக் கீழே கொண்டுவர முயன்றார்கள், மற்றவர்களுக்கு 7க்கும் 7.9க்கும் நடுவே. கடுமையாகக் குறைத்த பிரிவில் மரணங்கள் அதிகமானதால் 2008இல் அந்த முறையை நிறுத்த வேண்டியதாயிற்று. அதிலேயே மூளையைப் பற்றிய பகுதியில், 40 மாதத்துக்குப் பிறகு ஞாபகத்திலும் யோசிக்கும் வேகத்திலும் இரு பிரிவுக்கும் வித்தியாசம் தென்படவில்லை.

மருத்துவமனைக்குப் போகும் அளவு லோ ஆன முதியவர்களுக்குப் பிற்பாடு டிமென்ஷியா கூடுதலாக வந்ததும் பதிவாகியிருக்கிறது. அதனால் வயதானவர்களுக்கு 7, 7.5 என்றும், வேறு நோய்களும் மறதியும் உள்ளவர்களுக்கு 8 வரையிலும் இலக்கைத் தளர்த்துவது வழக்கம். அறிக்கையில் 5.9 பார்த்துவிட்டுப் பெருமைப்படும் எண்பது வயதுக்காரர், அது லோவினால் வந்த 5.9ஆ என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

தூக்க மாத்திரை போட்டுத் தூங்கிவிட்டால் மூளைக்கு நல்லதுதானே?

மாத்திரை கண்ணை மூடவைக்கும், இயல்பான தூக்கத்தின் ஆழத்தை அப்படியே தருவதில்லை. அல்பிரசோலம், சோல்பிடெம் வகைகள் மறுநாள் காலை வரை மந்தத்தை விட்டுவைக்கும், முதியவர்கள் விழுந்து இடுப்பு உடைய ஒரு காரணமும் இவைதான். மூச்சுத்தடை இருக்கிறதா என்று பார்க்காமல் போடுவது இன்னும் மோசம். சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் டைஃபென்ஹைட்ரமின் மாதிரி மருந்துகளைத் தூக்கத்துக்காகத் தினமும் போடுவது முதியவர்களின் ஞாபகத்தை நேரடியாகவே மங்கவைக்கும். ஆனால் வருடக்கணக்கில் போட்டு வந்ததைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது, படிப்படியாகத்தான்.

நாள்பட்ட தூக்கமின்மைக்கு மருந்துக்கு முன்னால் பரிந்துரைக்கப்படுவது ஒரு பழக்கச் சிகிச்சை. தினமும் ஒரே நேரத்தில் எழுவது, தூக்கம் வந்தால் மட்டும் படுக்கைக்குப் போவது, இருபது நிமிடமாக வரவில்லையென்றால் எழுந்து வேறு அறையில் உட்கார்வது, படுக்கையில் கிடக்கும் நேரத்தையே கொஞ்ச நாள் சுருக்குவது. கேட்டால், இவ்வளவுதானா என்று தோன்றும். முதல் இரண்டு வாரம் எரிச்சலாக இருக்கும், அப்புறம் பிடித்துக்கொள்ளும்.

மெட்ஃபார்மின் ஞாபகத்தைக் கெடுக்கும் என்று சொல்கிறார்களே, நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள். மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் எடுத்தால் பி12 குறையலாம், பி12 குறைந்தால் மறதியும் கால் மரப்பும் வரலாம். கால் மரப்பைச் சுகர் தலையில் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறோம். ஒரு ரத்தப் பரிசோதனை, குறைந்திருந்தால் மாத்திரையோ ஊசியோ, அவ்வளவுதான் விஷயம்.

அல்சைமரே மூன்றாம் வகை சர்க்கரை நோய் என்று படித்தேன். அப்படியென்றால் சுகர் மருந்து அதைக் குணமாக்குமா?

டைப் 3 என்பது அதிகாரபூர்வமான நோய்ப் பெயர் இல்லை. அல்சைமர் நோயாளிகளின் மூளையில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததைப் பார்த்த ஆய்வாளர்கள் 2005 வாக்கில் வைத்த பெயர். பார்த்தது உண்மை, ஆனால் சர்க்கரை நோயே இல்லாத ஏராளமானவர்களுக்கும் அல்சைமர் வருகிறது. சுகர் மருந்து எதுவும் அல்சைமருக்கான சிகிச்சையாக அங்கீகரிக்கப்படவில்லை.

நைட் ஷிஃப்ட் வேலை, விட முடியாது. நான் என்ன செய்வது?

இரவு வேலைக்கும் டைப் 2க்கும் தொடர்பு இருக்கிறது, நள்ளிரவில் சாப்பிடுவதைச் சமாளிக்க உடம்பின் கடிகாரம் தயாராக இல்லாததும் அதற்கு ஒரு காரணம். ஷிஃப்டை அடிக்கடி மாற்றாமல் கேட்டு வாங்குவது, பெரிய சாப்பாட்டை நடுராத்திரிக்கு வைத்துக்கொள்ளாதது, பகலில் இருட்டறையில் ஒரே நேரத்தில் படுப்பது. இன்சுலின் போடுபவர்கள் வேலை நாளுக்கும் விடுமுறைக்கும் தனித்தனி அட்டவணை கேட்டு வாங்குங்கள்.

சுகர் வந்தே இருபது வருஷம் ஆகிறது. இனிமேல் எதைச் சரிசெய்து என்ன ஆகப்போகிறது?

எவ்வளவு இளம் வயதில் வந்ததோ அவ்வளவு அதிக ஆபத்து என்று மேலே சொன்ன வைட்ஹால் ஆய்விலேயே தெரிந்தது, மறைக்கவில்லை. ஆனால் இருபது வருடம் கழித்தும் கையில் இருப்பது நிறைய. பிரஷரை எடுத்துக்கொள்ளுங்கள். 2019இல் வெளிவந்த ஸ்பிரின்ட் ஆய்வில் மேல் அளவை 120க்குக் கீழே வைத்தவர்களுக்கு லேசான அறிவாற்றல் குறைபாடு குறைவாக வந்தது (அதில் சுகர் உள்ளவர்களைச் சேர்க்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்). காது மந்தமானால் கருவி, கண் மங்கினால் சிகிச்சை, புகையை விடுவது, தினமும் நடை. ராத்திரியில் வரும் லோவை நிறுத்தினால், மூச்சுத்தடையைக் கண்டுபிடித்தால், பலன் வருடங்கள் கழித்து அல்ல, சில வாரங்களிலேயே பகலில் தெரியும்.

அப்பாவுக்கு ஏற்கெனவே டிமென்ஷியா, சுகரும் உண்டு. ராத்திரி தூங்காமல் நடந்துகொண்டே இருக்கிறார், சாப்பிட்டதை மறந்து மறுபடி கேட்கிறார். எப்படிச் சமாளிப்பது?

மாத்திரையும் இன்சுலினும் இனி அவர் கையில் இருக்கக் கூடாது, போட்டதை மறந்து இரண்டாவது தடவை போட்டுக்கொள்வார். மருத்துவரிடம் போய் இரண்டு விஷயம் கேளுங்கள்: இலக்கை மேலே சொன்னபடி தளர்த்தலாமா, லோ ஆக்கும் மருந்துகளைக் குறைத்து நாளுக்கு ஒருமுறை மாதிரி எளிமையாக்கலாமா. பல வீடுகளில் ஐம்பது வயதில் எழுதிக்கொடுத்த சீட்டே எண்பதிலும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ராத்திரியில் அவர் திடீரென்று அதிகம் குழம்பினால், கோபப்பட்டால், உளறினால், நோய் முற்றிவிட்டது என்று முடிவுகட்டும் முன் விரலில் ஒரு சொட்டு எடுத்துப் பாருங்கள். லோ ஆனவர் அப்படித்தான் இருப்பார், தனக்கு என்ன செய்கிறது என்று அவரால் சொல்ல முடியாது. 70க்குக் கீழே இருந்து விழுங்க முடிகிறது என்றால் 15 கிராம் சர்க்கரை, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி சோதனை. மயங்கிக் கிடந்தால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், அவசர உதவியைக் கூப்பிடுங்கள். சுகர் சரியாக இருந்தால் அடுத்து சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், எங்கேயாவது வலி, இந்த வரிசையில் பாருங்கள். பகலில் வெளிச்சத்தில் உட்காரவைத்து, மதியத் தூக்கத்தை அரை மணிக்குள் முடித்தால் ராத்திரி நடை கொஞ்சம் குறையும். முழுக்க நிற்காது, அதனால் ராத்திரி முறைக்கு வீட்டில் இன்னொருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், உங்கள் தூக்கமும் கணக்கில் வர வேண்டும்.